பொபினியின் பழைய ஸ்டேஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம்

(தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, கோவில் நிர்வாக சபையிலிருந்து வந்திருக்கும் ஐயாமாரே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு எங்களோடு இருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, வணக்கம். அம்மையாருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் இரண்டு மணித்தியாலம் எழும்பாமல் எங்கள் பிள்ளைகளின் நடனத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். மண்டபம் தந்தவர்களுக்கும், பின்னால் வடை சுட்டுக்கொண்டிருக்கும் அக்காமாருக்கும் என் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஒன்று, பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள பொபினியின் பழைய ரயில் ஸ்டேஷன். இரண்டு, பழைய கட்டடங்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பது. மூன்று, எங்கள் பிள்ளைகள்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வந்தது. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

பொபினி என்றால் எங்களுக்கு வதிவிட அட்டை எடுத்த ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை, அங்கிருந்து 21 ரயில்களில் ஏறத்தாழ 22,500 யூதர்களை நாஜிகள் ஏற்றி அனுப்பினார்கள். அநேகமாக எல்லா ரயிலும் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குத்தான். பக்கத்தில், பிடித்த யூதர்களை அடைத்து வைத்த திரான்சி முகாம். அங்கிருந்து ஆட்களைப் பாரிஸ் நகர பஸ்களில் கொண்டுவந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்தார்கள். பயணிகள் சேவை 1939இலேயே நின்றுபோன ஸ்டேஷன் அது. பார்க்க ஆள் இல்லை. 1944 ஏப்ரல் 13ஆம் திகதி போன ரயிலில் பதினாறு வயது சிமோன் வெய் தாயோடும் அக்காவோடும் இருந்தார். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரான அதே சிமோன் வெய். இசியூ என்ற ஊரின் சிறுவர் விடுதியில் ஒரு கிழமைக்கு முன்தான் பிடித்த 34 பிள்ளைகளும் அதே ரயிலில்.

என் அப்பா இலங்கையின் வடபகுதி ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இங்கே வந்திருந்தபோது அவரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். குளிர். கோட்டுக்கு மேல் சால்வை, கையில் குடை. எங்களோடு வந்தவர்கள் விளக்கப் பலகைகளை வாசித்தார்கள். அப்பா ஒன்றையும் வாசிக்கவில்லை. நேரே சரக்குக் கொட்டகைக்குப் போனார். மேடையின் உயரத்தைக் குடையால் அளந்தார். தண்டவாளத்தைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, பெட்டியளை எண்ணி எழுதினது ஆர்?"

"தெரியாது அப்பா."

"எழுதாமல் ரயில் போகாது. எத்தனை பெட்டி எண்டு ஒருத்தன் எழுத வேணும். ஒருத்தன் பாதை மாத்திற பொயின்ற்ஸ் போட வேணும். அடுத்த ஸ்டேஷன்காரன் லைன் கிளியர் குடுக்க வேணும். றைவர் நிலக்கரி கேட்டிருப்பான். ஆயிரம் பேரை ஏத்தினது துவக்குக்காரன் மட்டும் இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "எங்கட ஸ்டேஷன்ல கூரையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. சிலிப்பர்க் கட்டையளைப் பங்கருக்குக் கொண்டு போட்டினம். இவங்கள் வச்சிருக்கிறாங்கள்."

1990இல் எங்கள் ரயில் நின்றதும், யாழ்ப்பாணத்துக்கு அது திரும்ப வர 2014 ஆனதும் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஸ்டேஷன் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. தலையிடியும் காய்ச்சலும்!

ஆனால் பொபினியும் சும்மா தப்பவில்லை. போருக்குப் பிறகு பல வருஷம் அது பழைய இரும்பு வியாபாரியின் கையில் கிடந்தது, 2005 வரைக்கும். தப்பி வந்தவர்களும் செத்தவர்களின் பிள்ளைகளும் விடாமல் கேட்டார்கள். 2011இல் தேசிய ரயில் நிறுவனத்தின் தலைவர் அங்கேயே வந்து நின்று வருத்தம் சொல்லி, நிலத்தை நகரத்திடம் கொடுத்தார். நினைவிடமாகத் திறந்தது 2023இல். எண்பது வருஷம்! பிரான்ஸிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 76,000 யூதர்களில் திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர்தான். அவர்களில் எத்தனை பேர் திறப்பு விழாவுக்கு உயிரோடு இருந்திருப்பார்கள்?

கட்டடப் பராமரிப்பை இன்னொரு நாள் பேசலாம், சாப்பாடு ஆறுகிறது.

நான் கேட்பது இதுதான். எங்கள் பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தமிழில் ஒரு விளக்கப் பிரசுரம் வேண்டும். அம்மம்மாவும் அப்பப்பாவும் கூட வாசிக்க வேண்டும். நகரசபை அம்மையாரிடம் இந்தக் கோரிக்கையைப் பிரெஞ்சில் எழுதி இன்றைக்கே கையில் கொடுக்கிறோம். சில பெற்றோர் சொல்கிறார்கள், அது யூதர்களின் கதை, எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் கதையே தெரியாது என்று. எங்கள் கதைக்கு நாளைக்கு இந்த நாட்டில் யார் காது கொடுப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரனின் காய்ச்சலை நாங்கள் தொட்டுப் பார்த்தோமா என்று அவன் கேட்க மாட்டானா?

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை முதல் தடவை போகிறோம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம். படிவம் வாசலில், வடைத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். பேனை வைத்திருக்கிறேன்.