திரை தமிழில் பேசட்டும்

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி ஏற்பாடுகளைக் கவனித்த செயலாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மூத்த பவுண்டரி முதலாளிகளே, இடம் இல்லாமல் பின்னால் நிற்கும் ஆபரேட்டர் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

டிஜிட்டல் தொழிற்சாலை பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று எந்திரம், இரண்டு கடன், மூன்று ஆள்.

2011இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0', அதாவது எந்திரங்களை இணையத்தோடு இணைத்து நடத்தும் நான்காம் தொழிற்புரட்சி, என்ற பேச்சு கிளம்பியது. பெரிய கம்பெனிகள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிட்டோம். ஒதுங்குகிற ஊரா இது? 1937லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். பழைய லேத்தைத் தூக்கிப்போடத் தேவையில்லை. மோட்டாருக்குப் போகும் ஒரு வயரில், மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கரண்ட் சென்சாரைக் கவ்வவிட்டு இணையத்தோடு இணைத்தால், எந்திரம் எப்போது ஓடியது, எப்போது சும்மா நின்றது என்ற கணக்கு உங்கள் செல்போனுக்கே வந்துவிடும்.

சரி, வந்த கணக்கை யார் படிப்பது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

நம் ஊர் கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனி. பெயர் வேண்டாம். கடன் வாங்கி, கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி எந்திரம் போட்டார்கள். ஆபீஸ் சுவரில் பெரிய டிவி, அதில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு நாள் நைட் ஷிப்டில் எந்திரம் நின்றுவிட்டது. மேலே சிவப்பு விளக்கு. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆபரேட்டர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், ஐடிஐ படித்தவன், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் அளவு பிசகாது. அந்த ஒரு வரிதான் பிடிபடவில்லை. எதையாவது தொட்டுக் கெட்டுவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. பக்கத்து எந்திரத்திலிருந்து ஒடிசாத் தம்பியைக் கூட்டிவந்தான், அவனுக்கும் தெரியவில்லை. விடியும்வரை இருவரும் எந்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் முதலாளி வந்து பார்த்தால், லூப்ரிகேஷன் டேங்கில் எண்ணெய் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்! எண்ணெய் கேன் பக்கத்திலேயே இருக்கிறது. ஊற்றி ரீசெட் அடித்ததும் ஸ்பிண்டில் சுற்றியது. ஆபீஸ் டிவி ராத்திரி முழுக்கச் சிவப்பு காட்டி, ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவும் செய்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்!

திட்டு வாங்கியது அந்தப் பையன். அதைக் கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை. ஏடிஎம் தமிழில் கேட்கிறது, நூறு ரூபாய் ரீசார்ஜ் செய்கிற செல்போன் தமிழில் காட்டுகிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் எந்திரம் மட்டும் ஏன் தமிழில் சொல்லக்கூடாது?

முதலாளிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த எந்திரத்துக்கு ஆர்டர் போடும்போது, அலாரம் வரிகள் தமிழில் வேண்டும், வடக்கத்தித் தம்பிகளுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் விற்பவர் சிரிப்பார். சங்கமே கேட்டால் செய்து தருவார். அதுவரை, அடிக்கடி வரும் அலாரங்களை ஆபரேட்டரோடு உட்கார்ந்து தமிழில் எழுதி, லேமினேட் செய்து எந்திரத்திலேயே ஒட்டுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். இன்றைய தீர்மானங்களில் இதையும் சேர்க்கும்படி தலைவரை வேண்டுகிறேன்.

கடன் விவரங்களை அடுத்துப் பேசவிருக்கும் வங்கி மேலாளர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நன்றி, வணக்கம்.