அந்தரங்கத்தில் சிறு முளைகள்: எல்லாவற்றுக்கும் எச்பிவி தான் காரணமா?

வணக்கம் நேயர்களே. குளியலறையில் கைக்கண்ணாடியையும் கைப்பேசி வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு, யோனி வாசலின் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் சின்னஞ்சிறு முளைகளை ஒரு பெண் முதன்முறையாகப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ‘எச்பிவி’ என்ற பெயரும், பத்தாவது நிமிடத்தில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லும், பதினைந்தாவது நிமிடத்தில் கணவர் மீதான சந்தேகமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அவர் பார்த்தது நோயாகவே இல்லாமல், அவருடைய உடலின் இயல்பான அமைப்பாகவே இருக்கலாம்.

பாடப்புத்தகப் பகுதியை விரைவாக முடித்துவிடுவோம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கமே எச்பிவி. அதன் 200-க்கும் மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகள் வேறு. பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 விழுக்காட்டுக்குக் காரணமான 6, 11 ஆகிய வகைகள் வேறு. பாடம் முடிந்தது.

(திரையில்: இரு கோட்டோவியங்கள், அருகருகே)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இடப்பக்க ஓவியத்தில் இருப்பது மரு; வலப்பக்கத்தில் இருப்பது, மருத்துவர்கள் ‘வெஸ்டிபுலர் பாப்பிலோமாட்டோசிஸ்’ என்று அழைக்கும் இயல்பான முளைகள். பெயரைக் கேட்டதுமே அந்த வைரஸின் நெருங்கிய உறவுபோலத் தோன்றுகிறதல்லவா? உண்மையில் இரண்டு பெயர்களுக்கும் ‘முலைக்காம்பு’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல் வேராக இருப்பதைத் தவிர, வேறு உறவு எதுவும் நிறுவப்படவில்லை. இவ்வளவு குழப்பமான பெயரை வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இயல்பான முளைகள் மென்மையானவை. சுற்றியுள்ள சவ்வின் இளஞ்சிவப்பு நிறத்திலேயே இருப்பவை. உள்ளிதழ்களின் உட்புறத்தில் இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே மாதிரி வரிசையாக அமைபவை. எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் அடிப்பகுதியில் இருக்கிறது. விரல்களை விரித்துப் பிடித்தால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தொடங்குவதைப்போல, இம்முளைகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அடித்தளத்துடன் எழுகின்றன. மருவோ சேவற்கொண்டையைப் போன்றது: மேலே பல நுனிகளாகப் பிரிந்து தெரிந்தாலும் கீழே ஒரே தண்டில் ஒன்றுகூடும், சற்றே கடினமாக இருக்கும், ஒழுங்கின்றி எங்கு வேண்டுமானாலும் முளைக்கும். ஆண்களில் சிலருக்குக் குறிமொட்டின் விளிம்பைச் சுற்றி முத்துக்கள் கோத்ததுபோல் தோன்றும் பருக்கள், இந்த இயல்பான முளைகளின் ஆண் வடிவம் என்றே கூறலாம். அவற்றுக்கும் எச்பிவிக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் குழப்பம் எப்படி வந்தது? பழியின் ஒரு பகுதி வினிகரைச் சேரும். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 விழுக்காடு கரைசலாகத் தடவினால் எச்பிவி தொற்றிய தோல் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சொறிந்த தோலும், பூஞ்சைத் தொற்றால் அழற்சியுற்ற தோலும், சில வேளைகளில் இந்த அப்பாவி முளைகளும்கூட வெளுக்கும். 1980-களில் இந்த முளைகளை எச்பிவியின் விளைவாகக் கருதிய மருத்துவர்கள் பலர் இருந்தனர். அதனால் நோயே இல்லாத பெண்கள் சிலர் லேசர் சிகிச்சை வரை சென்று, வலியையும் சுமந்தார்கள். வைரஸின் மரபணுவை நேரடியாகத் தேடும் சோதனைகள் நுட்பமடைந்த பிறகே, இம்முளைகளில் எச்பிவி இருப்பது சாதாரணத் தோலில் இருப்பதைவிட அதிகமில்லை என்பது தெளிவாயிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலோருக்கு எச்பிவி எந்த அறிகுறியுமின்றி வந்து, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. எனவே ஒரு முளையில் வைரஸ் கண்டறியப்பட்டது என்பதற்காக, அந்த முளையை வைரஸ்தான் உண்டாக்கியது என்று முடிவுகட்ட முடியாது. நுண்ணோக்கியில் செல்லின் கரு உலர்திராட்சைபோல் சுருங்கி, அதைச் சுற்றி வெற்றிடம்போல் ஒரு வளையம் தெரிகிறதா என்று நோய்க்கூறு வல்லுநர் பார்ப்பது இதற்காகத்தான். 1956-இல் இத்தகைய செல்லுக்குக் ‘கொய்லோசைட்’, அதாவது ‘குழிவான செல்’, என்று பெயரிடப்பட்டபோது, அதற்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பு இன்னும் அறியப்படவில்லை.

தோல்தொங்கல், எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள், யோனி வாசலருகே உள்ள சுரப்பி அடைபட்டு உண்டாகும் பார்தோலின் நீர்க்கட்டி ஆகியவையும் அதே பகுதியில் வரக்கூடியவை. அவற்றுக்கும் பொதுவாக எச்பிவி காரணமில்லை.

மரு என்றே உறுதியானாலும், சந்தேகத்தை உடனே கணவர் பக்கம் திருப்ப வேண்டாம். தொற்றியதற்கும் மரு தோன்றுவதற்கும் இடையில் சில வாரங்கள் முதல் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூடக் கடக்கலாம் என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதை மருவைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. மருவைத் தடுக்க வழியும் உண்டு: 6, 11 வகைகளையும் தடுக்கும் ஊசியை ஆஸ்திரேலியா 2007-இல் தேசியத் திட்டமாக்கிய பின்னர், அங்குள்ள பாலியல் நல மருத்துவமனைகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களிடையே மரு கண்டறியப்பட்டோர் விகிதம் 11.5 விழுக்காட்டிலிருந்து 2011-இல் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

நிறம் கறுத்துவரும், புண்ணாகும், இரத்தம் கசியும், வேகமாக வளரும் அல்லது சிகிச்சைக்கு அடங்காத எந்த முளையையும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகத் தோன்றுவதை, மருத்துவரிடம் காட்டி, தேவையெனில் திசுப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஐயங்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஆனால் தயவுசெய்து படங்களை அனுப்ப வேண்டாம். விரலால் மெல்ல விலக்கி அடிப்பகுதி ஒன்றா, தனித்தனியா என்று பார்க்க வேண்டிய ஒன்றை, படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.