ஜப்பானியத் தந்தியில் ஒரு ஜீவா

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானிய இசை பழங்காலம் முதல் இன்று வரை எப்படி வளர்ந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷக் கதை. கையில் இருப்பது முக்கால் மணி நேரம். அதனால் எல்லாவற்றையும் தொடப்போவதில்லை. ஒரே ஒரு ஓசையின் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டைக்கு மேலே, தந்திக்கு அடியில், ஒரு துண்டு நூலை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும், வெறுமனே ஒலித்துக்கொண்டிருந்த தந்தி வண்டு மாதிரி ரீங்கரிக்க ஆரம்பிக்கும். ஜீவா வந்துவிட்டது என்போம். ஜப்பானியர்களிடமும் இது உண்டு. அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சவாரி'. குதிரை, சவாரி என்று நமக்குப் பொருத்தமாகத்தான் கேட்கிறது. ஆனால் அவர்கள் மொழியில் அதற்குத் தொடுதல் என்று அர்த்தம். தந்தி கொஞ்சமே கொஞ்சம் மரத்தைத் தொடுவதால் பிறக்கும் கரகரப்பு.

ஆரம்பத்தில் எல்லாமே வெளியிலிருந்து வந்தவைதான். சீனா, கொரியா, இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா எல்லாம் இசை அனுப்பின. 701இல் அரசே சட்டம் போட்டு இசைக்கென்று ஓர் அலுவலகம் வைத்தது. 752இல் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா. தூரிகையைப் பிடித்துக் கண் வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அன்று பல நாட்டு இசையும் நடனமும் நடந்தன. அந்தப் பாரம்பரியம்தான் 'ககாகு' என்ற அரசவை இசையாக இன்றும் டோக்கியோ அரண்மனையில் வாசிக்கப்படுகிறது.

நாராவில் ஷோசோயின் என்று ஒரு பழைய மரக் கருவூலம். அதில் ஐந்து தந்தி கொண்ட ஒரு 'பிவா' இருக்கிறது. நம் வீணைபோல மடியில் வைத்து மீட்டுகிற ஜாதி, ஆனால் உடல் பேரிக்காய் வடிவம். அந்தக் காலத்து ஐந்து தந்திப் பிவாவில் உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் முகப்பில் முத்துச்சிப்பி இழைத்து ஒரு படம்: ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒருவன் பிவா வாசிக்கிறான். ஒட்டகத்துக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கருவி வந்த வழி அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

ககாகுவில் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'ஷோ' என்று பதினேழு மூங்கில் குழல்களைக் கட்டிய வாய்க்கருவி. மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் நாக்குகள் சரியாக அதிராது. அதனால் வாசிப்பவர் பக்கத்தில் கணப்பு வைத்திருப்பார். இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் கருவியை அதன் மேல் மெல்லச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார். நம்மூரில் பறையைத் தீயில் காட்டுகிறார்களே, ஏறக்குறைய அந்தப் பக்குவம்.

சரி, அரண்மனையை விட்டு வெளியே வருவோம். 1185இல் தான்னோஊரா கடற்போரில் ஹெய்கே என்ற போர்வீரர் குலம் அழிந்தது. அந்தக் கதையைப் பார்வையற்ற பிவா கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். பாட்டின் முதல் வரியே புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்து மணியோசை. ஆம், நம் நாட்டுச் சிராவஸ்தியில் இருந்த ஜேதவனம்தான். பின்னால் வந்த சாத்சுமா வகைப் பிவாவில், கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுக் கட்டைகளின் மேல்பரப்பை அகலமாக விட்டுச் செதுக்கினார்கள். தந்தி அதை உரசும். உரசி உறுமும்.

பதினாறாம் நூற்றாண்டில் ரியூக்யூ தீவுகளிலிருந்து, அதாவது இன்றைய ஒகினாவாவிலிருந்து, மூன்று தந்திக் கருவி ஒன்று சகாய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. உடம்பில் பாம்புத் தோல் போர்த்தியது. அதைக் கையில் எடுத்தவர்கள் இந்தப் பிவாக்காரர்களே. பாம்புத் தோலுக்குப் பதில் பூனைத் தோல், நாய்த் தோல் போட்டார்கள். தங்கள் பெரிய மீட்டுகோலையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். 'ஷாமிசென்' பிறந்தது. அதன் தடித்த தந்தியை மட்டும், கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் மேட்டில் ஏற்றாமல் கழுத்து மரத்தை உரசும்படி விட்டார்கள். ரியூக்யூக் கருவியில் இந்த ஏற்பாடு கிடையாது. சுத்தமாக ஒலித்த கருவியை வாங்கி, வேண்டுமென்றே கரகரக்க வைத்திருக்கிறார்கள்! இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது.

'ஷாகுஹாச்சி' மூங்கில் குழலும் இதே வழிதான். முன்னால் நாலு துளை, பின்னால் ஒன்று. தலையைக் கூடையால் மூடிக்கொண்டு பிச்சைக்குப் போன துறவிகள் வாசித்தது. சுரத்தைவிடச் சில சமயம் மூச்சின் 'உஸ்' என்ற சீறல் பெரிதாகக் கேட்கும். அது பிழையில்லை, பாடத்திலேயே இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் யட்சுஹாஷி கெங்யோ என்ற பார்வையற்ற மேதை பதின்மூன்று தந்திக் 'கோட்டோ'வை நகரத்து மக்களின் சுரத்துக்கு மாற்றினார். அந்தச் சுரவரிசை கிட்டத்தட்ட நம் 'கர்நாடக சுத்தசாவேரி' என்ற ராகம். ச ரி ம ப த, ரிஷபமும் தைவதமும் சுத்தம். சோகம் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று பாடிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம், மேற்கைப் பார்த்து நாட்டையே மாற்றிய மெய்ஜி அரசரின் காலம் வந்தது. 1871இல் பார்வையற்ற கலைஞர்களின் சங்கத்தையும் கூடைத் துறவிகளின் பிரிவையும் அரசு கலைத்துவிட்டது. 1879இல் இசாவா ஷூஜி தலைமையில் இசை ஆய்வகம் திறந்தது. பாஸ்டனிலிருந்து மேசன் என்ற ஆசிரியர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசை. ஆனால் நாலாவது, ஏழாவது சுரங்கள் நாக்கில் ஏறவில்லை. சரி, எடுத்துவிடு! 'யோனநுகி' என்றே அதற்குப் பெயர், நாலும் ஏழும் நீக்கியது. மத்யமமும் நிஷாதமும் போனால் மிச்சம் என்ன? மோகனம்! ஒரு ஸ்காட்லாந்து மெட்டு அவர்கள் பள்ளிப் பிரிவு உபசாரப் பாட்டாக ஒட்டிக்கொண்டதும் அதே கணக்கில்தான், அதிலும் ம, நி இல்லை.

1887இல் ஹமமாட்சு ஊர்ப் பள்ளியில் ஆர்கன் பழுதானது. பழுதுபார்க்க வந்த யமஹா தொரகுசு அதைப் பார்த்துத் தானே ஒன்று செய்தார். கூட்டாளியோடு காவடி கட்டித் தூக்கிக்கொண்டு ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்கு நடந்தார். அங்கே சொன்னார்கள்: சுருதி சரியில்லை. மனிதர் திரும்பிப் போகவில்லை. அங்கேயே தங்கிப் பாடம் கேட்டு, அடுத்ததைச் சரியாகச் செய்தார். யமஹா சின்னத்தில் இருக்கும் மூன்றும் சுருதிக் கவைகள், அதாவது டியூனிங் ஃபோர்க். பைக் ஓட்டுகிறவர்கள் வெளியே போனதும் டேங்கைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு பள்ளியில் பியானோ, ரேடியோவில் மேற்கத்திய வாத்தியங்களோடு சினிமாப் பாட்டு, 1971இல் கோபேயில் இனோவே தைசுகேயின் கரோக்கே இயந்திரம். இவை உங்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். ஒரு தலைமுறைக்குப் பழைய கரகரப்பு காதில் விழவே இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இசையமைப்பாளர் தகெமிட்சு தோரு அந்தத் தலைமுறை. 1930இல் பிறந்தவர். ஜப்பானியம் என்று எதைக் கேட்டாலும் போர் ஞாபகம் வருகிறது என்று ஒதுக்கியே வைத்திருந்தார். ஒரு நாள் பொம்மலாட்டத்தில் ஷாமிசென் கேட்டார். ஆடிப்போய்விட்டார். தன் வீட்டுப் பொருளை அந்நியன் மாதிரி கேட்டது அன்றுதான். 1967இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு தன் 125ஆம் ஆண்டுக்காக ஒரு படைப்பு கேட்டது. 'நவம்பர் ஸ்டெப்ஸ்' எழுதினார். ஓசாவா செய்ஜி இசைக்குழுவை நடத்தினார். மேடையின் முன்னால் இரண்டே பேர்: பிவாவுடன் சுருதா கின்ஷி, ஷாகுஹாச்சியுடன் யோகோயாமா கட்சுயா. இரண்டையும் இசைக்குழுவோடு அவர் இழைக்கப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் இசைக்குழு முழுவதும் வில்லை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்த இருவர் மட்டும் நிமிஷக்கணக்கில் வாசிக்கிறார்கள்.

அந்தப் பகுதியை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். தம்பி, அந்த இரண்டு ஃபேனையும் கொஞ்சம் நிறுத்துங்கள். தந்தி மரத்தைத் தொடுவது கேட்க வேண்டும்.