மயால் கிரீக்கின் ஏழு பாறைகள்

அவையோர்க்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலும் இரண்டு நினைவுச் சின்னங்கள் கண்ணில் படும். ஒன்று, முதல் உலகப் போரில் மாண்ட ஊர்ப் பிள்ளைகளின் பெயர் பொறித்த தூண். மற்றொன்று, முதலில் குடியேறியவர்களைப் போற்றும் வெண்கலப் பலகை. அவர்கள் வருமுன் அந்த மண்ணில் யார் வாழ்ந்தார்கள், அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் பெரும்பாலும் விடை இருக்காது. அந்த விடையைக் கல்லில் எழுதத் துணிந்த ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில், பிங்காரா என்ற சிற்றூருக்கு அருகே இருக்கிறது மயால் கிரீக். 1838இல் அங்கே ஹென்றி டேங்கர் என்பவரின் கால்நடைப் பண்ணை இருந்தது. பழங்குடியினரான கமிலராய் மக்களில் ஒரு பிரிவினரான விர்ரயராய் குடும்பங்கள் சில வாரங்களாகப் பண்ணையாட்களோடு இணக்கமாக அங்கே தங்கியிருந்தன. ஜூன் 10, மாலை நேரம். இளைஞர்கள் மரப்பட்டை உரிக்க வேறொரு பண்ணைக்குப் போயிருந்தார்கள். ஆயுதங்களோடு குதிரையில் வந்தவர்கள், எஞ்சியிருந்த முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஒரே கயிற்றில் பிணைத்து இழுத்துப் போய்க் கொன்றார்கள். 28 உயிர்கள். பிறகு வந்து உடல்களை எரித்தார்கள்.

பழங்குடியினரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காத காலம் அது. பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ் நடந்ததை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினார். கைதியாக நாடு கடத்தப்பட்டு வந்து அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஆண்டர்சன், அந்த மக்களைக் கட்டி இழுத்துப் போனதைக் கண்டபடியே கூண்டேறிச் சொன்னார். அப்படியும் முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட 11 பேரும் விடுதலையானார்கள். அட்டர்னி ஜெனரல் ஜான் பிளங்கெட் விடவில்லை. வேறு குற்றச்சாட்டில் மீண்டும் வழக்கு நடத்தினார். 7 பேர் டிசம்பர் 18 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். கூட்டத்தை நடத்தி வந்த நிலக்காரர் ஜான் ஃபிளெமிங் கடைசிவரை பிடிபடவே இல்லை.

நீதிமன்ற ஏடுகளில் இவ்வளவும் இருந்தது. ஆனால் ஊரில் ஒரு கல் கூட இல்லை. 1965இல் பிங்காராவைச் சேர்ந்த லென் பெய்ன் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்றபோது எதிர்ப்புத்தான் கிளம்பியது. பழையதைக் கிளறாதே என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முன்னோடிகளின் பலகையும் பழையதுதானே! பெருமையை மட்டும் கல்லில் வெட்டி வைத்து, பழியை மண்ணுக்குள் விட்டுவிடுவதை வரலாறு என்று நான் ஒப்ப மாட்டேன்.

2000ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று சின்னம் எழுந்தது. வளைந்து செல்லும் பாதையோரம் ஏழு பாறைகள். ஒவ்வொன்றிலும் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும் கதையின் ஒரு பகுதி. முடிவில், கொலை நடந்த சரிவை நோக்கியபடி ஒரு பெரிய கருங்கல். தூண்டுதல் எதுவுமின்றி, முன்கூட்டியே திட்டமிட்டுக் கொன்றார்கள் என்று அதில் மழுப்பாமல் எழுதியிருக்கிறது. கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் அன்று ஒன்றாக வந்து நின்றார்கள். இவ்வளவு துணிச்சலான காட்சி ஆஸ்திரேலிய வரலாற்றில் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

2005இல் யாரோ வந்து பலகைகளில் 'கொலை', 'பெண்கள்', 'குழந்தைகள்' ஆகிய சொற்களைத் தேடிப்பிடித்துச் சிதைத்தார்கள். பலகைகள் சீர்செய்யப்பட்டன. 2008இல் இந்த இடம் தேசிய பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

இதே பகுதியில், இதே 1838இன் ஜனவரியில், மேஜர் ஜேம்ஸ் நன் தலைமையிலான குதிரைப்படைக் காவலர்கள் வாட்டர்லூ கிரீக்கில் கமிலராய் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. வரலாற்றாய்வாளர் லிண்டால் ரயன் தலைமையில் நியூகாஸில் பல்கலைக்கழகம் தொகுத்த படுகொலை வரைபடத்தில் இப்படிப்பட்ட இடங்கள் 400க்கும் மேல். அந்த ஊர்களில் அடுத்த நினைவுப் பலகைக்குக் கல் தேடும் மன்றங்கள், எழுதப்போகும் வாசகத்தை முதலில் அந்த மண்ணின் மக்களிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.