இஷுமார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாலி நாட்டின் வடக்கே, சஹாராவில் நடக்கும் போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'துவாரெக் கிளர்ச்சியாளர்கள்' என்று செய்திகளில் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மக்களோ தம்மைக் 'கெல் தமாஷெக்' என்கிறார்கள். தமாஷெக் பேசுகிறவர்கள் என்று பொருள்.

அவர்களிடம் 'இஷுமார்' என்று ஒரு சொல் உண்டு. வேலையற்றவர் என்ற பிரெஞ்சுச் சொல் அவர்கள் வாயில் புரண்டு இப்படி ஆனது. ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்களுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? 1968 முதல் 1974 வரை மழை பொய்த்தது, மந்தைகள் மடிந்தன. மிஞ்சியவற்றை 1984-85 வறட்சி கொண்டுபோனது. இளைஞர்கள் கூலி தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போனார்கள். லிபியாவை ஆண்ட கடாஃபி அவர்களில் பலருக்குப் படைப்பயிற்சி கொடுத்தார். மேய்ப்பன் மகன் கற்ற முதல் தொழில் துப்பாக்கி பிடிப்பது.

வறட்சி மட்டுமே காரணமில்லை. 1960இல் மாலி விடுதலை பெற்றது. மூன்றே ஆண்டுகளில் வடக்கில் கிடால் நகரின் பக்கம் துவாரெக்குகளின் முதல் எழுச்சி. அதை அடக்க வந்த ராணுவம் கால்நடைகளைச் சுட்டது, கிணறுகளில் நஞ்சு கலந்தது. பாலைவனத்தில் ஒரு கிணறு கெட்டால் அடுத்த கிணற்றுக்கு எத்தனை நாள் நடக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். அதைக் கண்ட பிள்ளைகள் மறப்பார்களா? 1990 ஜூனில் வடக்கின் இன்னொரு ஊரான மேனகாவில் இஷுமார்கள் திருப்பி அடித்தார்கள்.

பிறகு அரசோடு அமைதி ஒப்பந்தங்கள் வந்தன. 1996 மார்ச் 27 அன்று டிம்பக்டு நகரில், போர் முடிந்ததன் அடையாளமாக, சுமார் 3,000 துப்பாக்கிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். எரிந்த துப்பாக்கிகளின் குழல்களை அதன் சிமென்ட்டில் பதித்து வைத்தார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் கனக்கிறது. ஏனென்றால் 2006இலேயே கிடாலில் மறுபடி வெடித்துவிட்டது.

2011இல் கடாஃபி வீழ்ந்ததும், அவரிடம் இருந்த போராளிகள் கனரக ஆயுதங்களோடு ஊர் திரும்பினார்கள். அஸவாத் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. 2012 ஜனவரி 17இல் மேனகாவில் போர் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று, 'அஸவாத்' என்று அவர்கள் அழைக்கும் வடக்கு மாலியைத் தனிநாடு என்று அறிவித்தார்கள்.

இங்கே நான் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த மண்ணில் சொங்காய், ஃபுலானி, அரபு மக்களும் வாழ்கிறார்கள். தனிநாடு வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அகெல்ஹோக் என்ற ஊரில் கிளர்ச்சிப் படைகளிடம் பிடிபட்ட மாலி வீரர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த மக்களின் வலியைப் பேசுகிற நாம் அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கூட நின்று போரிட்ட அன்சார் தீன் முதலிய ஜிகாதிக் குழுக்கள் மூன்றே மாதத்தில் நகரங்களைப் பறித்துக்கொண்டன. அன்சார் தீனின் தலைவர் இயாத் அக் காலி யார் தெரியுமா? 1990 எழுச்சியின் தலைவர்! ஜிகாதிகளை விரட்ட 2013இல் பிரெஞ்சுப் படை வந்தது. 2015இல் மாலி அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே அல்ஜியர்ஸ் அமைதி ஒப்பந்தம். 2023 நவம்பரில் மாலி ராணுவம் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையோடு கிடாலுக்குள் நுழைந்தது. இரண்டு மாதத்தில், மாலியில் அதிகாரத்தைப் பிடித்திருந்த ராணுவ ஆட்சி அந்த ஒப்பந்தத்தையும் முறித்தது.

எல்லைக்கு அப்பால், மொரித்தானியாவில், ம்பெரா அகதி முகாம் இருக்கிறது. 2012இல் அங்கே பிறந்த குழந்தைகள் இன்று மீசை அரும்பும் வயதில் இருக்கிறார்கள். ஓட்டிப்போக அவர்களுக்கு மந்தை இல்லை.