தட்டில் ஏறிய ஜப்பானியச் சேவல்

நேயர்களுக்கு வணக்கம். 1866-ல் பாரிஸில் யூஜீன் ரூசோ என்றொரு பீங்கான், கண்ணாடி வியாபாரி இருந்தார். தத்துவஞானி ரூசோ வேறு, இவர் வேறு. புதிதாக ஒரு விருந்துத் தட்டு வரிசை வேண்டுமென்று ஃபெலிக்ஸ் பிராக்மோன் என்ற ஓவியரிடம் போனார். செப்புத் தகட்டில் கோடு கீறி அச்செடுப்பதில் பிராக்மோன் கைதேர்ந்தவர். போதாக்குறைக்கு ஜப்பான் பைத்தியம் வேறு.

ஜப்பானிய ஓவியர்களான ஹொக்குசாயின் 'மங்கா' என்ற படத்தொகுதிகள் (இன்றைய சித்திரக்கதை மங்கா அல்ல), ஹிரோஷிகேயின் அச்சுப் படங்கள் இவற்றிலிருந்து சேவல், மீன், பூச்சி, பூங்கொத்து என்று அள்ளிக்கொண்டார். எல்லாவற்றையும் செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சடித்தாயிற்று. க்ரெய்-மோந்த்ரோ மண்பாண்ட ஆலையின் தொழிலாளர்கள் அந்தத் தாள்களிலிருந்து ஒவ்வொரு உருவமாக வெட்டி, கோடுகளைத் தட்டுக்கு மாற்றி, கையால் வண்ணம் கொடுத்தார்கள். தட்டு என்னவோ பழைய பிரெஞ்சுத் தட்டுதான்: நெளிநெளியான விளிம்பு, அதில் நீலத் தீற்றல்.

நகல்தானே என்று கேட்டால், ஆமாம், உருவங்கள் நகல்தான். எனக்குப் பிடித்தது அவற்றை வைத்த விதம். சேவல் நட்ட நடுவில் நிற்காது. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். இன்னொரு பக்கம் ஒரு பூச்சி, எங்கோ ஒரு பூ. மிச்சமெல்லாம் வெள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சாந்தியி என்ற பிரெஞ்சுப் பீங்கான் பட்டறை ஜப்பானியப் பாணியில் பீங்கான் செய்ததுண்டு. ஆனால் அது பீங்கானைப் பார்த்துச் செய்த பீங்கான். இங்கே புத்தகப் பக்கமே தட்டில் ஏறிவிட்டது. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தத் தட்டுகள் வைக்கப்பட்டன. ஜப்பான் முதன்முறையாக அதிகாரபூர்வமாகப் பங்கேற்ற உலகக் கண்காட்சியும் அதுவே.

கீழை நாட்டுப் பொருள் எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை என்று எண்ணிவிட வேண்டாம். 1860-ல் சீனாவின் பீக்கிங் கோடை மாளிகையைப் பிரெஞ்சு, ஆங்கிலேயப் படைகள் சூறையாடிக் கொண்டுவந்தவற்றைத்தான் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் தன் சீன அருங்காட்சியகத்தில் அடுக்கினார்.

அப்புறம் எமில் காலே என்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர். 1878-ல் அவர் செய்த கண்ணாடி ஜாடியில் நீந்தும் கெண்டை ஹொக்குசாயின் கெண்டைதான். மூலப்படத்தில் அதன் மேல் கண்ணோன் என்ற பௌத்தக் கருணைத் தேவி இருக்கிறாள். காலே தேவியை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்து, இளநீலம் படர்ந்த கண்ணாடியில் விட்டார். மீனுக்குத் தண்ணீர் கிடைத்தது! பிராக்மோனைவிட ஒரு படி மேலே போனவர் என்றே சொல்வேன்.

காலேயின் ஊரான, கிழக்கு பிரான்ஸிலுள்ள நான்சிக்கு 1885-ல் தகாஷிமா ஹொக்காய் என்ற ஜப்பானியர் வனவியல் படிக்க வந்தார். நன்றாகப் படமும் வரைவார். அதுவரை புத்தகத்தைப் பார்த்தே கற்ற நான்சிக் கலைஞர்களுக்கு, தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று காட்டவே 1888 வரை ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார்.