தட்டிய பிறகு என்ன ஆகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சின்னச் சுத்தியல் ஒன்று எழும்பி, கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். வயலின் வாசிப்பவர் வில்லை இழுத்து ஒரு சுரத்தை வளர்க்கலாம். பாடுகிறவர் கார்வையில் நின்று குரலைப் பெருக்கலாம். பியானோவில் அது முடியாது. பிறந்த நொடியிலிருந்தே அந்த ஒலி தேயத்தான் செய்யும். நவீன பியானோ இசை என்றாலே கடினம் என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: மெட்டைத் தேடாதீர்கள், தட்டிய பிறகு அந்த ஒலிக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

அண்மையில் ஒரு தனிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடையில் ஒரே பியானோ, ஒரே கலைஞர். மாலை முழுவதும் ஒருவரே வாசிப்பது இன்று நமக்குச் சாதாரணம். ஆனால் 1840 வாக்கில் ஹங்கேரியப் பியானோ மேதை லிஸ்ட் அப்படிச் செய்தபோது அது புதுமை. அதுவரை பாடகர்களும் மற்ற வாத்தியக்காரர்களும் கலந்துதான் மேடை ஏறுவார்கள்.

நான் கேட்ட கலைஞர், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியோடு தொடங்கினார். 1910இல் வெளிவந்த முதல் தொகுதிப் பிரெலூடுகள் என்ற சிறு பியானோ துண்டுகளில், கடலில் மூழ்கிய தேவாலயத்தைப் பற்றியது. தலைப்பை டெபுஸி மேலே போடவில்லை. இசை முடிந்த பிறகு, பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்தார். முதலில் கேளுங்கள், பெயர் அப்புறம் என்பது போல. அதில் அடிமட்டச் சுரம் ஒன்று, காலால் மிதித்தால் கம்பிகளை அடங்கவிடாமல் வைக்கும் பெடலின் தயவில் நீண்டு கிடக்க, அதன் மேல் கனத்த ஒலிக்கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கலக்கும். தேயும் ஒலியைத் தடுக்க வழியில்லை. சரி, தேய்வதையே ஒன்றோடொன்று குழைத்துவிடலாம் என்று அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்து வந்ததை நான் மறக்க மாட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் 1925இல் எழுதிய ‘தி பான்ஷீ’. பான்ஷீ என்பது சாவு வரப்போகிறது என்று ஓலமிடும் ஐரிஷ் நாட்டுப்புறப் பெண் ஆவி. கலைஞர் எழுந்து பியானோவின் வளைந்த பக்கத்துக்குப் போய் நின்றார். அதுவரை தாள் புரட்டிக்கொண்டிருந்த பெண் அவருடைய இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்துக்கொண்டார். கடைசிவரை காலை எடுக்கவில்லை. கட்டைகளை யாரும் தொடவே இல்லை. கலைஞர் குனிந்து, தடித்த கம்பிகளின் நீளவாக்கில் விரல் நுனியால் இழுத்தார், பிறகு நகத்தால். செம்புச் சுற்றின் மேல் நகம் உரசிப் போகும்போது எழுந்த ஓலம் முதுகைச் சில்லிட வைத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் இல்லை என்றால் தட்டும் கணமும் இல்லை. ஒலி எங்கிருந்தோ ஊர்ந்து வருகிறது. இதை வெறும் வித்தை என்று சொல்பவர்கள் உண்டு. நேரில் கேட்டவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை.

பிறகு இசையமைப்பாளர் லிகெட்டி. அவருடைய முதல் எடூட் (பயிற்சித் துண்டு) தொகுதி 1985இல் எழுதப்பட்டது. அதில் மூன்றாவதில் ஒரு கை சில கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்திருக்கும். மற்றக் கை அவற்றின் மேலேயே விரைந்தோடும். ஏற்கெனவே அமுங்கியிருக்கும் கட்டையைத் தட்டினால் என்ன கேட்கும்? ஒன்றுமில்லை. விரல் சீராக ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது; காதில் மட்டும் தடுக்கித் தடுக்கி விழுகிறது. வானொலியில் கேட்பவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும் என்பது எனக்கு வருத்தம்தான்.

நிறைவாக, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் போர்க்காலத்தில், 1942இல் முடித்த ஏழாவது சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு. அதன் கடைசிப் பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. ஏழு என்றதும் நம் கை கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்துக்குப் போகும், மூன்றும் நான்குமாக. இது இரண்டு, மூன்று, இரண்டு என்று போவதால் தொடையில் தாளம் போட முயன்ற நான் இரண்டு முறை தவறினேன். இங்கே ஒலி தேய நேரமே இல்லை. தேய்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது.

கைதட்டல் ஓயாததால் அவர் திரும்பி வந்து இன்னும் ஒன்று வாசித்தார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ஆறு சிறு துண்டுகளில் கடைசியானது. முதல் ஐந்தையும் 1911 பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதிய ஷோன்பெர்க், அந்த மே மாதம் இசையமைப்பாளர் மாலர் இறந்த பிறகு, ஜூனில் இதை எழுதினார். மொத்தம் ஒன்பதே பார், அதாவது ஒன்பதே தாளச் சுற்று. வலது கையில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்து நிற்கின்றன. அவை தேயும்போது இடது கை வேறு மூன்றை மெல்லச் சேர்க்கிறது. தூரத்து மணியோசை போல அவை திரும்பத் திரும்ப வருகின்றன. முடிவில் ‘ஒரு மூச்சுப்போல’ வாசிக்கும்படி எழுதியிருக்கிறார்.

கடைசிச் சுரம் எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கலைஞர் பெடலிலிருந்து காலை எடுத்தபோது, ஒலியை அடக்கும் கம்பளிப் பட்டைகள் கம்பிகளின் மேல் வந்து அமரும் சத்தம் முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. அப்புறம்தான் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.